டிசம்பர் என்று வைத்துக்கொள்வோம்: மேசைக் கப்பலில் ஒரு தென்துருவப் பயணம்

நாள் 1: உசுவாயா

இன்று காலை 9.20-க்கு, அர்ஜென்டினாவின் தென்கோடியில் இருக்கும் உசுவாயா துறைமுகத்தில் 32 பேர் கப்பல் ஏறினோம். எட்டு மேசைகளை முன்பக்கம் குறுக்கியும் பின்பக்கம் அகட்டியும் இழுத்துப் போட்டிருக்கிறோம், அதுதான் கப்பல். முகப்பில் இருக்கும் புரொஜெக்டர் திரைதான் கடல். ஆறாம் வகுப்புக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மேசை நகர்ந்த சத்தம் கேட்டதுமே பாதிப் பேர் இடமும் வலமும் ஆடத் தொடங்கிவிட்டார்கள், அலையாம். இன்னும் நங்கூரமே எடுக்கவில்லையே என்றேன்.

கிளம்புவதற்கு முன் ஒரு வேலை வைத்திருந்தேன். "தென்துருவம் எப்படி இருக்கும்? வரையுங்கள்." பத்து நிமிடம். சேர்ந்த 32 படங்களில் 19 படங்களில் பனிக்கரடி. ஏழில் பனிக்கட்டியால் கட்டிய வட்ட வீடு. ஒன்றில் பனிக்கரடியும் பெங்குவினும் கைகோத்துக்கொண்டு நின்றன. நான் எதையும் திருத்தவில்லை, வாங்கி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். திரும்பி வந்ததும் பிரிப்போம்.

உலக உருண்டையைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டியதுதான் இன்றைய பாடம். வடக்கே கடல், அதைச் சுற்றி நிலம். தெற்கே நிலம், அதைச் சுற்றிக் கடல். வடக்கே வாழும் பனிக்கரடி ஏன் தெற்கே வாழும் பெங்குவினைப் பார்த்ததில்லை என்பதற்கு இந்த ஒரு வாக்கியம் போதும். ஆனால் அதை நான் சொல்லாமல் அவர்களே கண்டுபிடிக்க வேண்டும் என்று காத்திருந்தேன். இன்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. சரி, நாளும் கடலும் இருக்கின்றன.

பொறுப்புகளைப் பிரித்தோம். வழிகாட்டி ஒருத்தி, அவள் கையில் உருண்டையும் நூலும். வானிலை பார்க்க இருவர். கணக்கு பார்க்க ஒருவன், அவனுக்கு வகுப்பே 'கணக்கப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டது. கடைசி மேசையில் ஒரு பையன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நாம நிஜமா போகலையே டீச்சர். இது பொய்தானே?" என்றான். கப்பலின் நாட்குறிப்புப் புத்தகத்தை அவனிடம் கொடுத்தேன். எது நிஜம், எது பொய் என்று தினமும் எழுதுவது அவன் வேலை. முதல் பதிவு: "இன்று எல்லாம் பொய். உருண்டை மட்டும் நிஜம்."

இன்னொரு விஷயம். பயணத் தேதியை டிசம்பர் என்று வைத்துக்கொண்டோம். தெற்கே அதுதான் கோடை, கப்பல்கள் போகிற காலம். சுவரில் தொங்கும் நாள்காட்டி ஜூலை என்கிறது. யாரும் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

நாள் 2: டிரேக் கடல்

இன்று சலிப்பு. வேண்டுமென்றே.

இந்த மாதிரி மெய்நிகர்ப் பயணங்களை நான் முன்பும் நடத்தியிருக்கிறேன், மோசமாக. பனிமலைக்கு மேல் பறக்கும் ட்ரோன் படம் ஒன்று போடுவேன். வகுப்பு மொத்தமும் "ஆ!" என்னும். இரண்டாவது படத்துக்கு அதில் பாதி "ஆ". ஐந்தாவது படத்தில் பின்வரிசையில் பேனா மூடியைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். அங்கே போகிறவர்கள் படுகிற பாட்டில் ஒரு துளிகூட இல்லாமல், அவர்கள் பார்ப்பதை மட்டும் பார்க்கக் கொடுத்தால் அது விளம்பரம் பார்ப்பது போலத்தான் ஆகும்.

அதனால் இன்று தூரத்தைக் கொடுத்தேன். உசுவாயாவிலிருந்து டிரேக் கடலைக் கடந்தால் அண்டார்டிகத் தீபகற்பம், ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால்? கணக்கப்பிள்ளை எழுந்து "50 மணி நேரம்" என்றான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்து, வகுப்பு நேரம் முழுக்க அலையை மட்டுமே திரையில் ஓட விட்டேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கேள்வி மட்டும்.

முதல் கேள்வி: இங்கே ஏன் இவ்வளவு அலை? வழிகாட்டியை உருண்டையில் தெற்கு 60 பாகைக் கோட்டின் மேல் விரல் வைக்கச் சொன்னேன். அப்படியே உருண்டையைச் சுழற்ற வேண்டும், விரல் எங்காவது நிலத்தில் தட்டுகிறதா? முழுச் சுற்று போய் வந்தது, தட்டவில்லை. காற்றையும் நீரையும் தடுக்க ஒரு மேடுகூட இல்லாத சாலை அது. அண்டார்டிகாவைச் சுற்றி ஓடும் அந்த நீரோட்டத்தில், உலகத்து ஆறுகள் எல்லாம் சேர்ந்து கொண்டுபோகும் நீரைப் போல நூறு மடங்குக்கு மேல் ஓடுகிறது. "அப்ப அதுதான் உலகத்திலேயே பெரிய ஆறு" என்றாள் வழிகாட்டி. கரையில்லாத ஆறு. இருக்கட்டும், நல்ல பெயர்தான்.

இரண்டாவது: போன டிசம்பர் மாதத்துக் கடல் வெப்பநிலைப் படம், செயற்கைக்கோள் எடுத்தது. எங்கே நிறம் சட்டென்று மாறுகிறது என்று பென்சிலால் கோடு போடச் சொன்னேன். எட்டு மேசையும் ஏறத்தாழ ஒரே இடத்தில் போட்டார்கள். கொஞ்ச தூரத்துக்குள் நீரின் வெப்பம் இரண்டு, மூன்று பாகை செல்சியஸ் விழுந்துவிடுகிறது. தெற்கிலிருந்து வரும் குளிர்நீர் வடக்கின் வெதுவெதுப்பான நீருக்கு அடியில் இறங்கும் இடம் அது, அண்டார்டிக ஒருங்கல். வானிலைக்காரர்களில் ஒருத்தி, "தண்ணிக்குள்ள ஒரு சுவர் இருக்கு டீச்சர்" என்றாள். அந்தச் சுவரைத் தாண்டினால்தான் உயிரியல்காரர்கள் கணக்கில் அண்டார்டிகா தொடங்குகிறது.

மூன்றாவது கேள்வி நாட்குறிப்புக்காரனிடமிருந்து. படத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ இருக்கிறதே, என்ன? ஆர்கோ மிதவைகள். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 மிதக்கின்றன. பத்து நாளைக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழம் வரை முங்கி, வெப்பத்தையும் உப்பையும் அளந்துகொண்டே மேலே வந்து, செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு மறுபடி அமிழ்ந்துபோகும்.

"அதுல ஆள் இருக்காங்களா?"

"இல்லை."

"அப்ப விஞ்ஞானி எங்க இருப்பாரு?"

"அவர் அலுவலக மேசையில்."

அவன் எழுதிக்கொண்டான். என்ன எழுதினான் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

நாள் 3: கடல்பனி

தீபகற்பம் வந்துவிட்டது. கடல்நீர் சைபரில் உறையாது, உப்பு இருப்பதால் ஏறத்தாழ மைனஸ் 1.8 பாகையில்தான் உறையும். உறையும்போது உப்பைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். முதலில் எண்ணெய் மிதப்பது போல ஒரு மினுமினுப்பு, அப்புறம் அலையில் ஒன்றோடொன்று இடித்து ஓரம் மடிந்த வட்டத் தட்டுகள், அப்புறம்தான் ஒட்டிக்கொண்டு தளம். இதைப் படத்தில் காட்டியபோது நல்ல அமைதி. நிறம் மாறுவதைப் பார்ப்பதைவிட, ஒரு பொருள் உருவாவதைப் பார்ப்பதில் பிள்ளைகளுக்கு ஈர்ப்பு அதிகம் போலிருக்கிறது.

பிறகு இரண்டு தட்டுகள். ஒன்றில் தண்ணீரில் மிதக்கும் பனிக்கட்டி. மற்றொன்றில் தண்ணீருக்கு நடுவே கல், கல்லின் மேல் பனிக்கட்டி. நீர்மட்டத்தைப் பேனாவால் குறித்துவிட்டுக் காத்திருந்தோம். முதல் தட்டில் குறி அப்படியே நின்றது, இரண்டாவதில் தாண்டியது. மிதக்கும் பனி உருகினால் கடல்மட்டம் ஏறாது, நிலத்தின் மேல் இருக்கும் பனி உருகினால் ஏறும் என்று முடித்தேன். அண்டார்டிகாவின் பனி முழுவதும் உருகினால் கடல்மட்டம் ஏறத்தாழ 58 மீட்டர் உயரும் என்றதும் ஒரு பையன், "எப்ப?" என்றான். முழுவதும் உருக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும், ஆனால் கரையோர ஊர்களுக்கு முதல் ஒரு மீட்டரே போதும் என்றேன். பயமுறுத்தவும் கூடாது, தடவிக் கொடுத்துப் பொய் சொல்லவும் கூடாது. இந்தப் பாடத்தில் எனக்குக் கடினமான இடம் அதுதான்.

நாள் 4: பெங்குவின் கணக்கு

முதலில் நேற்றைய பதிவுக்கு ஒரு திருத்தம். வழிகாட்டி காலையிலேயே மடக்கினாள். "கடல்ல உப்புத்தண்ணி, பனிப்பாறையில நல்லதண்ணி. நம்ம தட்டுல ரெண்டுமே நல்லதண்ணி." சரிதான். உப்புநீர் சற்றே கனமானது. அதனால் அதில் மிதக்கும் நன்னீர்ப் பனி உருகும்போது, உருகும் நீரில் ஏறத்தாழ 40-இல் ஒரு பங்கு அளவுக்குக் கடல்மட்டம் ஏறத்தான் செய்கிறது. மிகச் சிறிய அளவு, தட்டில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 'ஏறாது' என்று நான் அடித்துச் சொன்னது தப்பு. வகுப்பில் ஒப்புக்கொண்டேன். நாட்குறிப்பில் "டீச்சர் தப்பு: 1" என்று ஏறிவிட்டது.

இன்று முழுக்கப் பெங்குவின். பெங்குவின் வாட்ச் என்று இணையத்தில் ஒரு திட்டம் இருக்கிறது. அண்டார்டிகக் கரைகளில் ஆளில்லாமல் நிற்கும் கேமராக்கள் நாள் முழுக்கப் படம் எடுத்துத் தள்ளுகின்றன. விஞ்ஞானிகள் சிலர் உட்கார்ந்து எண்ணித் தீராத அளவு படங்கள். அதனால் யார் வேண்டுமானாலும் எண்ணலாம். பெரிய பறவை மேல் ஒரு சொடுக்கு, குஞ்சு மேல் ஒன்று, முட்டை மேல் ஒன்று.

பத்து நிமிடத்தில் வகுப்பறை சந்தையாகிவிட்டது. பாறைக்குப் பின்னால் அரைத் தலை தெரிகிறது, எண்ணலாமா? அம்மாவின் வயிற்றுக்கடியில் இருப்பது குஞ்சா, கல்லா? ஒரே படத்தில் மூன்றாவது மேசை 41 என்றது, ஐந்தாவது மேசை 36 என்றது. இரண்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "எது சரி டீச்சர்?" என்று என்னிடம் வந்தார்கள். எனக்கும் தெரியாது. நான் எண்ணினேன், 38 வந்தது.

அறிவியலில் இந்தச் சங்கடத்துக்கு வழி இருக்கிறது. ஒரே படத்தைப் பலரிடம் கொடுத்து, பல பேருடைய சொடுக்குகள் ஒரே இடத்தில் கூடினால் அங்கே பறவை இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் கண் தவறினாலும் கூட்டம் சரிசெய்துவிடும். பாடப்புத்தகத்தில் அளவீட்டுப் பிழை என்று ஒரு பத்தி வரும், நானும் வருடா வருடம் நடத்துகிறேன், யாருக்கும் அதில் அக்கறை இருந்ததில்லை. இன்று அந்தப் பத்தியை இரண்டு மேசைகள் சண்டை போட்டே நடத்தி முடித்தன.

மதியம் பேரரசப் பெங்குவின். இது வேறு கதை. குளிர்காலத்தில், உறைந்த கடலின் மேல் கூடி முட்டையிடும் பறவை. பெண் முட்டையை ஒப்படைத்துவிட்டுக் கடலுக்குப் போய்விடும். ஆண் அதைக் கால்களின் மேல் தாங்கிக்கொண்டு, இரண்டு மாதத்துக்கு மேல் ஒன்றும் சாப்பிடாமல் இருட்டில் நிற்கும். அந்த நேரத்தில் அங்கே மனிதர்கள் போய்ப் பார்ப்பது அநேகமாக முடியாத காரியம். அப்படியென்றால் எத்தனை கூட்டங்கள் இருக்கின்றன என்று எப்படித் தெரியும்?

செயற்கைக்கோள் படம் ஒன்றைத் திரையில் போட்டேன். வெள்ளை, வெள்ளை, ஓரத்தில் ஒரு பழுப்புத் தீற்றல். லேண்ட்சாட் என்ற இந்தச் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டர், பெங்குவினின் உயரமோ ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும். பறவை தெரிய வாய்ப்பே இல்லை.

"அப்ப அது என்ன கறை?"

கொஞ்சம் காத்திருந்தேன். கணக்கப்பிள்ளைக்குத்தான் முதலில் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "கக்கா!"

அதேதான். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான பறவைகள் நின்றால் பனி கறைபடும். பிரிட்டிஷ் அண்டார்டிக் சர்வேயைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்தக் கறைகளைத் தேடித் தேடி, அதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்த 10 பெங்குவின் கூட்டங்களைக் கண்டுபிடித்து 2009-இல் வெளியிட்டார்கள்.

சிரிப்பு அடங்கியதும் பின்னாலிருந்து ஒரு குரல். "அவங்க அங்க போனாங்களா?" நாட்குறிப்புக்காரன்.

"கண்டுபிடித்தது படத்தைப் பார்த்துத்தான்."

"நம்ம மாதிரி உட்கார்ந்துக்கிட்டா?"

"ஆமாம்."

வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்றைய பதிவைப் பார்க்கக் கேட்டேன், காட்டினான். "கறை நிஜம். பெங்குவின் தெரியவில்லை, ஆனால் நிஜம்."

நாள் 5: தொலைபேசி நாள்

அங்கே ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்கிவிட்டுத் திரும்பிய ஆய்வாளர் ஒருவர் காணொளியில் வர ஒப்புக்கொண்டிருந்தார். இணைப்பு மூன்று முறை அறுந்தது. நாலாவது முறை படம் உறைந்து, குரல் மட்டும் வந்தது. கடைசியில் அதுவே நல்லதாகப் போயிற்று, முகத்தை வேடிக்கை பார்க்காமல் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

முதல் கேள்வி கழிவறை பற்றி. எந்தப் பள்ளியிலும் அதுதான் முதல் கேள்வியாம். மெக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குகளில் முகாம் போடுகிறவர்கள் சிறுநீரைக்கூடப் புட்டியில் பிடித்துத் திரும்ப எடுத்து வந்துவிட வேண்டும் என்றார். ஐந்து நிமிடம் வேறு எந்த அறிவியலும் நடக்கவில்லை.

நாய் வண்டி பற்றிக் கேட்டாள் ஒருத்தி. அண்டார்டிகாவில் நாய்களே கிடையாது. 1991-இல் கையெழுத்தான சுற்றுச்சூழல் உடன்பாட்டின்படி, 1994 ஏப்ரல் 1-க்குள் எல்லா நாய்களையும் வெளியேற்றிவிட்டார்கள். நாயின் நோய்கள் அங்குள்ள சீல்களுக்குத் தொற்றலாம் என்ற கவலை ஒரு காரணம். கேட்டவள் முகம் வாடிவிட்டது.

திரையில் வராதது என்ன என்று நான் கேட்டேன். நாற்றம் என்றார். பெங்குவின் கூட்டம் கண்ணில் படுவதற்கு முன்பே மூக்கில் படுமாம். அப்புறம், காற்று நின்ற நாளில் வரும் நிசப்தம். வகுப்பை ஒரு நிமிடம் சத்தமில்லாமல் உட்காரச் சொன்னார். மின்விசிறி, தாழ்வாரத்தில் செருப்பு, யாரோ தும்மல். "இது எதுவுமே இல்லைன்னு நினைச்சுக்கோங்க" என்றார். இந்தப் பயணத்தில் நாங்கள் போக முடியாமல் நின்ற இடம் அதுதான்.

இப்படிப் பள்ளிக்கூடத்தைத் துருவத்துக்குக் கூட்டிப் போவது என் கண்டுபிடிப்பு அல்ல. கடலடி ஆய்வாளர் ராபர்ட் பல்லார்ட் 1989-லேயே ஜேசன் திட்டத்தைத் தொடங்கி, ஆழ்கடலை மாணவர்களுக்கு நேரலையில் காட்டினார். போலார்ட்ரெக் என்ற அமெரிக்கத் திட்டம் ஆசிரியர்களையே ஆய்வுக் குழுவோடு துருவத்துக்கு அனுப்பி, அங்கிருந்து வகுப்புக்கு எழுத வைத்தது. பல நாடுகள் சேர்ந்து துருவங்களை ஆராயும் சர்வதேசத் துருவ ஆண்டு என்றும் ஒன்று உண்டு. முதலாவது 1882-83, கடைசியாக நடந்தது 2007-08. அடுத்தது 2032-33. அப்போது இந்தப் பிள்ளைகள் பள்ளியை முடித்திருப்பார்கள். கணக்கப்பிள்ளை கேட்காமலேயே இதைக் கணக்குப் போட்டுச் சொன்னான்.

நாள் 6: தென்துருவம்

என் திட்டப்படி இன்று தீபகற்பத்திலிருந்து டோம் சி என்ற இடத்துக்குப் பறந்து, அங்கிருந்து நாளை துருவம். சுவர் வரைபடத்தைப் பார்த்துப் போட்ட திட்டம். வழிகாட்டி உருண்டையில் நூலை இழுத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள். "டீச்சர், நூல் துருவத்துக்குப் பக்கத்துலயே போகுது. தாண்டிப் போயிட்டு ஏன் திரும்பி வரணும்?"

தட்டையான வரைபடத்தில் அண்டார்டிகா அடியில் நீண்டு கிடக்கும் ஒரு வெள்ளைத் துண்டு. நான் அதை நம்பிவிட்டேன். தீபகற்பமும் டோம் சியும் துருவத்துக்கு இரண்டு பக்கமும் ஏறத்தாழ எதிரெதிரே இருக்கின்றன. டீச்சர் தப்பு: 2. திட்டத்தை மாற்றி, துருவத்திலேயே இறங்கினோம்.

உயரம் 2,835 மீட்டர், அதில் பெரும்பகுதி பனிதான். அங்கே எடுத்த 360 பாகைப் படத்தைச் சுழற்றிப் பார்த்தோம். கண்ணாடி உருண்டை வைத்த ஒரு கம்பம், சுற்றிலும் 12 கொடிகள். 1959-இல் அண்டார்டிக உடன்படிக்கையில் முதலில் கையெழுத்திட்ட நாடுகள். ஆனால் அது படம் எடுத்துக்கொள்வதற்கான துருவம். உண்மையான புள்ளியில் வேறொரு சிறிய கம்பம் நிற்கிறது, ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் அதை இடம் மாற்றி நடுகிறார்கள். அடியில் இருக்கும் பனி ஆண்டுக்கு ஏறத்தாழ 10 மீட்டர் நகர்கிறது. துருவம் நின்ற இடத்தில் நிற்க, கம்பம் போய்க்கொண்டே இருக்கிறது.

தென்துருவத்தை முதலில் எட்டிய அமுண்ட்சென் 1911 டிசம்பர் 14 அன்று இங்கே வந்து நட்ட கூடாரம் இப்போது எங்கே இருக்கும்? மேசைக்கு மேசை கணக்கு. 1.1 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்து, பனிக்கடியில் புதைந்திருக்கும் என்று வந்தது. அவர் 52 நாய்களோடு கிளம்பி 11 நாய்களோடு திரும்பியதையும் சொன்னேன். நேற்று நாய் கேட்டவள் மற்ற நாய்களைப் பற்றிக் கேட்டாள். உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

இப்போதைய நிலவரத்தையும் காட்டலாமே என்று துருவ நிலையத்தின் கேமராப் பக்கத்தைத் திறந்தேன். கறுப்புச் சதுரம். மறுபடி ஏற்றினேன், கறுப்பு. இணைப்பைத் திட்டிக்கொண்டிருந்தபோது வானிலைக்காரி சுவரைக் காட்டினாள்.

"டீச்சர், ஜூலை."

துருவத்தில் சூரியன் செப்டம்பரில் உதித்து மார்ச்சில் மறையும். ஆண்டுக்கு ஒரே ஒரு பகல். ஜூலையில் நடு இரவு. சராசரி வெப்பம் மைனஸ் 60-ஐ ஒட்டி. பிப்ரவரி நடுவில் கடைசி விமானம் கிளம்பினால் அக்டோபர் கடைசி வரை போக்குவரத்து கிடையாது. நாற்பது, நாற்பத்தைந்து பேர் உள்ளேயே இருப்பார்கள்.

"அப்ப நிஜமா போகணும்னாலும் இப்ப போக முடியாதா?"

முடியாது என்றேன். 31 தலைகள் நாட்குறிப்புக்காரன் பக்கம் திரும்பின. அவன் கண்டுகொள்ளாத மாதிரி எழுதிக்கொண்டிருந்தான். "கறுப்புப் படம் நிஜம். டிசம்பர் பொய்."

நாள் 7: டோம் சி

இங்கேதான் ஐரோப்பிய ஆய்வாளர்கள் 3.2 கிலோமீட்டருக்கு மேல் துளைத்து, கை அகலப் பனித்தண்டுகளாக 8 லட்சம் ஆண்டுப் பனியை வெளியே எடுத்தார்கள். விழும் பனி அமுங்கி அமுங்கி இறுகும்போது இடையில் இருந்த காற்று குமிழிகளாக அடைபடுகிறது. அதை எடுத்து அளந்தால் அந்தக் காலத்துக் காற்றில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு இருந்தது என்று தெரிந்துவிடும். இதற்குச் சற்றுத் தள்ளி, 2025 ஜனவரியில், 2,800 மீட்டர் துளைத்து 12 லட்சம் ஆண்டுக்கும் பழைய பனியை எட்டிவிட்டார்கள்.

அந்த 8 லட்சம் ஆண்டு அளவீடுகள் பொதுவில் கிடைக்கின்றன. காகிதச் சுருள் ஒன்றைத் தாழ்வாரச் சுவரில் ஒட்டினோம். ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர், மொத்தம் 8 மீட்டர். மேசைக்கு ஒரு மீட்டர், அதாவது ஒரு லட்சம் ஆண்டு. உயரத்துக்கு, பத்து லட்சத்தில் ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடுக்கு ஒரு மில்லிமீட்டர். சைபரிலிருந்து தொடங்கச் சொன்னேன். நடுவிலிருந்து தொடங்கி மேடு பள்ளத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது எளிது, ஆனால் அது கண்ணை ஏமாற்றும் வேலை.

ஒரு மணி நேரம் முணுமுணுப்பும் அளவுகோல் சத்தமும் மட்டும். எட்டு மேசையும் தனித்தனியாகப் புள்ளி வைத்து, கடைசியில் கோடுகளை இணைத்தபோது சுவரில் ஒரு மலைத்தொடர் வந்தது. ஏறத்தாழ 18 சென்டிமீட்டருக்கு இறங்கும், 28, 30-க்கு ஏறும், மறுபடி இறங்கும். கடைசி மேசைகளின் பகுதியில் ஒவ்வொரு மேட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர். இறங்கிய இடமெல்லாம் பனியுகம். 30-ஐ எங்கேயும் தாண்டவில்லை.

கடைசிப் புள்ளி கணக்கப்பிள்ளைக்கு. தொழிற்சாலைகள் வருவதற்கு முன் 280, அதாவது 28 சென்டிமீட்டர். வைத்தான். இப்போது 420-க்கு மேல். அளவுகோலை நிமிர்த்தினான். காகிதத்தின் அகலம் 36 சென்டிமீட்டர்தான். பென்சில் காகிதத்தைத் தாண்டிச் சுவருக்குப் போய்விட்டது.

"டீச்சர், இடம் இல்ல."

அளவை மாற்றிப் போடலாம் என்று ஒருத்தி சொன்னாள். எட்டு மீட்டரையும் மறுபடி வரையணும் என்று இன்னொருத்தி கத்தினாள். கடைசியில் ஒரு சின்னக் காகிதத் துண்டை வெட்டி மேலே ஒட்டி, அதில் புள்ளி வைத்தார்கள். 28-லிருந்து 42 வரை கோடு செங்குத்தாக நின்றது. அந்தக் கோட்டுக்கு அடியில் கிடைமட்டமாக எவ்வளவு இடம் என்று கணக்கப்பிள்ளை அளந்தான். இரண்டரை மில்லிமீட்டர். "250 வருஷம்" என்றான், கொஞ்சம் சந்தேகத்தோடு, தப்பாகப் போட்டுவிட்டோமோ என்பது போல. தப்பில்லை என்றேன்.

நான் வேறெதுவும் சொல்லவில்லை. சொல்லத் தயாராக வைத்திருந்த பத்து நிமிடப் பேச்சு மேசையிலேயே கிடந்தது.

நாள் 8: திரும்பியாயிற்று

டோம் சியிலிருந்து திரும்பி வரும் வழியை வேகமாக ஓட்டிவிட்டோம், யாருக்கும் பொறுமை இல்லை. உறையைப் பிரித்து, மறுபடி வரையச் சொன்னேன். பனிக்கரடி 19-லிருந்து ஒன்றுக்கு இறங்கியது. அந்த ஒன்றை வரைந்தவளைக் கேட்டேன். "தெரியும் டீச்சர், அங்க கிடையாது. வழி தெரியாம வந்துடுச்சு" என்றாள். நான்கைந்து படங்களில் கேமராக் கம்பம், இரண்டில் பழுப்புக் கறை. நிறையப் பேர் நகர்ந்துபோகும் கம்பத்தை வரைந்திருந்தார்கள். நாய் கேட்டவள் 52 நாய்களை வரைய ஆரம்பித்து, நேரம் போதாமல் 30-இல் நின்றிருந்தாள்.

எல்லாம் சரியாகப் போனது என்று சொல்ல மாட்டேன். மூன்று பேருக்கு நான் என்ன செய்தும் சுவாரசியம் வரவில்லை. இரண்டாம் நாள் சலிப்பு அவர்களுக்குக் கடைசி நாள் வரை தொடர்ந்தது என்று நினைக்கிறேன். அடுத்த முறை டிரேக் கடலைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

மேசைகளைப் பழைய இடத்தில் போட்டுவிட்டு எல்லோரும் போன பிறகும் நாட்குறிப்புக்காரன் நின்றுகொண்டிருந்தான். கறைப் படங்கள் இருக்கும் பக்கத்தை இன்னொரு தடவை திறக்க முடியுமா என்று கேட்டான். போன அக்டோபர் மாதத்துப் படங்களைத் திறந்து கொடுத்தேன். கரையோரமாகவே நகர்த்திக்கொண்டு போனான். இருபது நிமிடம் கழித்து "டீச்சர்!" என்றான். வெள்ளைக்கு நடுவே பழுப்பாக ஒரு திட்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரிதாக்கினோம். ஓரங்கள் கூர்மையாக இருந்தன, பக்கத்திலேயே நிழலும் விழுந்திருந்தது. அதே இடத்தை அதற்கு முந்தைய பிப்ரவரிப் படத்தில் பார்த்தோம், பெங்குவின் இருக்க முடியாத மாதத்திலும் அங்கேயே இருந்தது.

நாட்குறிப்பைத் திறந்து எழுதினான். "பாறை. நிஜம். நாளைக்கு இதுக்குக் கிழக்கே."